நாலாவது திருகு

நான்கு திருகுகளையும் கழற்றிப் பெட்டியின் மூடியை விலக்கியதுமே மோகன்குமார் அதைப் பார்த்துவிட்டான்.

பஸ்ஸருக்குப் போகும் வயர் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கழன்றதல்ல. முனையில் சிவப்பு டேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. சுற்றியவன் அவனேதான்.

பின்னால் குவாரி மேனேஜர் சென்னியப்பன் நின்றார். அவருக்கும் பின்னால், தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆபரேட்டர் ஜபருல்லா.

நேற்று மத்தியானம் ஜபருல்லா ஓட்டும் பெரிய எக்ஸ்கவேட்டரின் எஞ்சின் இறுகி நின்றுபோயிருந்தது. எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கினால் கத்திச் சொல்வதற்காகத்தான் இந்தப் பெட்டியை மாட்டினார்கள். துடியலூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் கம்பெனியில், மோகன்குமார் தன் கையால் சால்டரிங் செய்த பெட்டி. கத்தியது எப்போது, எவ்வளவு நேரம் என்பதையும் அது நினைவில் வைத்திருக்கும்.

பதினொரு நிமிஷம் எச்சரித்ததாக இப்போது அதன் சின்னக் கண்ணாடியில் எழுத்து ஓடியது.

பெட்டி பொய் சொல்லவில்லை. தன் பங்குக்கு அது எச்சரித்திருக்கிறது. வாய்தான் கட்டப்பட்டிருந்தது.

கட்டியது பூசையன்று. பெட்டியை மாட்டிய நாளில் குவாரி முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். ஜபருல்லாவே இரண்டு எலுமிச்சம்பழங்களை வண்டி உருளும் இரும்புச் செயினுக்கு அடியில் வைத்தார். கற்பூரம் ஏற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு காரணமும் இல்லாமல் பஸ்ஸர் ஊரைக் கூட்டியது. நல்ல காரியத்தில் இதென்ன ஒப்பாரி என்று முதலாளியின் முகம் சுருங்கியது. மோகன்குமார் சட்டென்று இன்னும் திருகாத மூடிக்குள் கையை விட்டு வயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டான்.

கோளாறு சென்சாரில். அதை அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்தும் விட்டான். வயரை மட்டும் மறந்தான். சர்க்கரைப் பொங்கலையும் மேற்கொண்டு நான்கு பெட்டிகளுக்கு முதலாளி கொடுத்த வாய்வார்த்தையையும் வாங்கிக்கொண்டு, கால் தரையில் படாமல் வீடு போய்ச் சேர்ந்தான். அந்தச் சந்தோஷத்தை நினைக்க இப்போது அருவருப்பாக இருந்தது.

“அது கத்தவே இல்லீங்க சார்,” என்றார் ஜபருல்லா மறுபடியும். காலையிலிருந்து அவர் சொல்வது அது ஒன்றுதான். சிவப்பு விளக்கு எரிந்திருக்கலாம். உச்சி வெயிலில், சுண்ணாம்புப் புழுதி படிந்த விளக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? அதற்காகத்தானே பஸ்ஸர்.

“கத்துதா இல்லையானு இப்பவே பாத்துப்போடலாமுங்க,” என்றார் சென்னியப்பன்.

வாயைத் திறந்தால் போதும். சார், தப்பு என்னுடையது. மூன்றே சொல்.

பின்னால் நின்றவர்களுக்கு முதுகு மறைக்க, மோகன்குமாரின் கட்டைவிரல் அதற்குள் டேப்பை உரித்து வயரைப் பழைய இடத்தில் செருகியிருந்தது. உரித்த டேப்பை உருட்டி உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டான். டெஸ்ட் பட்டனை அமுக்கினான்.

பஸ்ஸர் அலறியது. சென்னியப்பன் காதைப் பொத்திக்கொண்டார்.

ஜபருல்லாவின் முகம் மெல்ல மாறுவதை மோகன்குமார் பார்த்தான். கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தான். வரவில்லை. திருடி அகப்பட்டவர்போல அவர் தலை கவிழ்ந்தது.

“ஊட்ல பொண்ணு சொல்லிக்கிட்டேதானுங்க இருந்துச்சு, அத்தாவுக்குக் காது மந்தமாயிருச்சுன்னு. ரேடியோவச் சத்தமா வெக்கறேனாமா. நாந்தானுங்க ஒத்துக்கல.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “இத்தனை பேரு கீழ நின்னு வேல செய்யறாங்க. காது கேக்காதவன் மேல ஒக்காந்திருந்தா பாவமுங்க.”

சென்னியப்பனுக்கே சங்கடமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“நாளைல இருந்து வர வேண்டாமுங்க பாய். கணக்க நான் பாத்து முடிச்சுத் தாரேன்.”

இருபது வருஷம் இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. ஜீப்பில் ஏறிப் போகும்முன் மேனேஜர் மோகன்குமாரின் தோளில் தட்டிக்கொடுத்தார். நல்ல பெட்டி என்றார். மோகன்குமார் தலையை வேறு ஆட்டினான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அப்படி வலித்திருக்காது.

மூடியைப் பொருத்தினான். பூசையன்று வைத்த சந்தனம் அதில் காய்ந்து வெடித்திருந்தது. மூன்று திருகுகள் எப்படியோ ஏறின. நாலாவது விரலிலிருந்து நழுவியது.

கீழே அடுத்த பாறைத்தட்டில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் துளை போடுகிற சத்தம் வேறு. திருகு எங்கே விழுந்தது என்று அவனுக்கே கேட்கவில்லை.

ஜபருல்லா இருபது அடி தள்ளி, இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிபன் கேரியரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றார். திரும்பினார்.

“சார், திருகு ஒண்ணு உழுந்துருச்சுங்க. செயின் பிளேட்டுல பட்டு உள்ளார போயிருச்சு பாருங்க.”

மோகன்குமார் காதில் விழாதவன்போல நின்றான்.

அவரே வந்தார். குனிந்து, செயினுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தார். ஒட்டியிருந்த புழுதியைச் சட்டையில் துடைத்து அவன் கையில் வைத்தார்.

“எஞ்சின் பக்கத்துலயே இருக்காதீங்க சார். உங்க காதும் போயிருமுங்க.”

மோகன்குமார் அந்தத் திருகை வாங்கினான். நாலாவது ஓட்டையில் வைத்து முடுக்கினான்.