கீழே அவுட்

இந்தக் காலத்தில் எவனும் முழுசாகப் பேசுவதில்லை, பாதியை முழுங்கிவிடுகிறான் என்பது மண்டபக் காவலாளிக் கிழவரின் கட்சி. அவருடைய மாப்பிள்ளையும் அந்த ரகம்தான்.

அந்த மண்டபத்தில் நடக்கும் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக இரண்டு புரொஜெக்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான் மாப்பிள்ளை. இரண்டும் சேர்ந்து அடித்தால்தான் பகல் வெளிச்சத்தில் படம் தெரியும். தெரியாவிட்டால் அவனுடைய முதல் கான்ட்ராக்ட் அம்பேல்.

வெளியே போனவன் வழியிலிருந்து போன் செய்தான். "மாமா, எலெக்ட்ரீஷியன் கேபிளோட வருவாரு. கீழே அவுட், மேலே இன்னுன்னு சொல்லிடுங்க."

"என்ன மாப்ளே அவுட்டு?"

போன் கட்டாகிவிட்டது.

அவன் திரும்பி வந்தபோது ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. புரொஜெக்டர் ஒன்றுதான் இருந்தது.

"கீழே இருந்தது எங்க மாமா?"

"நீங்கதானே அவுட்டுன்னீங்க? எலெக்ட்ரீஷியன் வர்றதுக்குள்ளயே ஆட்டோவுல ஏத்தி ரிப்பேருக்கு அனுப்பிட்டேன். கூலிகூட நான்தான் கொடுத்தேன்."

மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "கேபிள் சொருகுற ஓட்டைக்குப் பேருதான் மாமா அவுட்டு. கீழ் மெஷினோட அவுட்டுல சொருகி, மேல் மெஷினோட இன்னுல மாட்டணும்."

அப்போது கிழவரின் போன் அடித்தது. ரிப்பேர்க் கடைக்காரர்.

"பெரியவரே, மெஷின்ல ஒரு குறையும் இல்லையே."

கிழவர் போனை மடியில் செருகிக்கொண்டார்.

"இவனுக்குத் தொழிலே தெரியல. வேற கடைதான் பாக்கணும்" என்று முனகியபடி நடையைக் கட்டினார்.