வீட்டுக்கொரு துப்பாக்கி

நாட்டின் பெருமைக்காக அரசு வீட்டுக்கொரு துப்பாக்கி கொடுத்திருந்தது. சென்ற ஆயுத பூஜையன்று, கயல்விழியின் கணவர் இளம்பரிதி அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, துப்பாக்கியின் விசையிலும் ஒரு பொட்டு வைத்து அழுத்தினார். அவரைப் புதைத்த இடத்தில் கொடி ஏற்றினார்கள்.

விசாரணை முடிந்ததும் அதிகாரி ஒருவர் துப்பாக்கியைத் துடைத்து, ரிப்பன் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தார்.

"வேண்டாங்க சார். வயசுப்பிள்ளை இருக்கிற வீடு."

"வேண்டாம்னா எப்படிம்மா? இது உங்க உரிமை. துப்பாக்கி இல்லாத வீடே கிடையாதுன்னு பேரு வாங்கின நாடு. உங்களால அது போகணுமா?"

"போனா போகட்டுங்க. எனக்கு இருக்கிறது மக ஒருத்திதான்."

அதிகாரி பெருமூச்சு விட்டு, துப்பாக்கியோடு எழுந்தார். அதற்குள் மகள் மகிழினி உள்ளிருந்து ஓடிவந்து வழிமறித்தாள்.

"குடுங்க சார். அது எங்க அப்பாவோடது. அவரு கடைசியா தொட்டது."

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கயல்விழியால் அதைப் பிடுங்க முடியவில்லை. குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, மெல்லச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.