இரண்டாவது வெப்கேம்

தோல் பதனிடும் ஷெட்டில், தோலைச் சீவும் ஷேவிங் மெஷின் அப்பாவின் வலது கையைப் பிடித்து முப்பத்தெட்டு நாட்கள் ஆகியிருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஃபீபி அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று அப்பா பயந்தார். அவளோ முகம் பார்த்துப் பேச வெப்கேம் வாங்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆம்பூர் பஜாரில் கடைக்காரர் இரண்டு வெப்கேம்களை மாட்டிக் காட்டினார். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் வலது கையை ஆட்டினார். முதலாவதில் மூன்று விரல்கள் தெரிந்தன. இரண்டாவதில் ஐந்து. நான் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

"இது கொஞ்சம் மங்கலா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

"பரவால்ல. இதையே குடுங்க" என்றார் அப்பா.

அன்று மாலை அக்கா திரையில் வந்தாள்.

"இன்னாப்பா, சட்டைய இஸ்திரி போட்டுக்கினு மாப்பிள்ள மாதிரி உக்காந்துனுகீற!"

அப்பா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"நாளைலருந்து எனக்கு ஐசியூ டூட்டிப்பா. தலைல கை வச்சி ஜெபம் பண்ணு" என்று அவள் கண்களை மூடித் தலையைக் குனிந்தாள்.

அப்பா வலது கையைக் கேமராவை நோக்கி நீட்டினார். எங்களைக் காட்டும் சிறிய கட்டத்தில் ஐந்து விரல்களும் விரிந்து நின்றன. "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகவில்லை. அக்கா குனிந்தபடியே காத்திருந்தாள்.

"ஃபீபி, கண்ணத் தொறம்மா" என்றார் அப்பா. "இதுல தெரியறத நம்பாத. மெஷின்ல எனக்கு ரெண்டு விரலு போய்ட்ச்சிம்மா."