ஒரு நூல் இடைவெளி

துப்பாக்கி மருந்து அடைக்கும் கொம்பு செய்வதில் உடைச்சி கைகாரி. மழையில் மர மூடி ஊதி இறுகுமென்று எப்போதும் ஒரு நூல் இடைவெளி விடுவாள். முன்பல் ஒன்று போன அவள் புருஷன் செங்கான் சண்டைக்குக் கிளம்பியபோது, செத்துப்போன தங்கள் காளையின் கொம்பையே தேய்த்து மினுக்கி, மயில் கீறிக் கரி பூசினாள். மருந்தை நிரப்பி, இவனுக்குப் பொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று அந்த நூல் இடைவெளியும் விடாமல் மூடியை இறுக்கினாள்.

ஐப்பசி அடைமழையில் கூட்டாளி மாடசாமி கொம்பை மட்டும் கொண்டுவந்தான்.

"அவ்வளவு மழையிலயும் மருந்து நனையலையே, மதினி."

வாங்கிக் குலுக்கினாள். ஒரு வேட்டுக்குக்கூடக் குறையவில்லை. ஊதி இறுகிய மூடியைத் தடவினாள். சுற்றிலும் பல் பதிந்திருந்தது, நடுவில் ஒரு பல் இல்லாமல்.