ஒன்பதாவது நிமிஷம்

"இன்னைக்காச்சும் உன் மக பத்து நிமிஷத்தத் தாண்டிருவாளா, இல்ல அடுத்த சனிக்கிழமையும் நான் ஒத்தையாத்தான் கடையப் பாக்கணுமா?"

சிம்மக்கல் கடைத்தெருவின் ஹாரன் சத்தத்தையெல்லாம் மீறிக்கொண்டு போனில் வந்தது கணவர் ராதாகிருஷ்ணனின் குரல்.

"போன வாரமே ஒன்பது நிமிஷம் உக்காந்தா. இன்னைக்குத் தாண்டிருவா, கவலப்படாதீங்க." விளாங்குடியில் அந்தப் பயிற்சி மையத்தின் வாசலில் நின்றபடி ஹம்சவேணி சொன்னாள். "திண்டுக்கல் பார்ட்டிக்கு டப்பா அனுப்பிட்டீங்களா?"

"எந்த டப்பா?"

"நீல மூடி போட்டது. நேத்தே எடுத்து வச்சேன்ல, மாடிப்படிக்குக் கீழ."

"எந்த மாடிப்படி?"

அவள் பதில் சொல்வதற்குள் இன்னும் இரண்டு கால் வந்துவிட்டது. ஒன்று சரக்கு லாரிக்காரர். இன்னொன்று கேன் தண்ணிக்காரர். அந்த பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடைக்கு முதலாளி என்னவோ ராதாகிருஷ்ணன்தான். ஆனால் கடை ஓடுவது ஹம்சவேணியின் போனில்.

பக்கத்தில் பன்னிரண்டு வயது இந்துப்ரியா, ஸ்டாண்டில் இருந்த செருப்புகளையெல்லாம் கலர் கலராக மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரோ ரெண்டு காலுக்கும் எடது கால் செருப்பாவே போட்டு வந்திருக்காங்க."

"யாரும் வரல. நீதான் மாத்தி வச்சிருக்க. உள்ள வா."

ஓரிடத்தில் கவனம் நிற்காத ஏடிஎச்டி பிள்ளைகளுக்கான மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு அது. அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருத்தர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார வேண்டும். போனெல்லாம் வாசல் கூடையில். பத்து நிமிடம் கண்ணைத் திறக்காமல் மூச்சைக் கவனித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மேல்மாடி பேட்ச். அங்கே பெற்றவர்கள் வர வேண்டியதில்லை, பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடலாம்.

முதல் நாள் இந்து உட்கார்ந்தது நாற்பது நொடி. அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து, ஏழு. ஸ்கூல் டைரியில் சிவப்பு மையே இப்போதெல்லாம் வருவதில்லை. ஆனால் கடந்த நாலு வாரமாக ஒன்பதிலேயே நிற்கிறாள்.

"இந்து, இன்னைக்குத் தாண்டிட்டா அடுத்த வாரம் மேல போயிரலாம்," என்றாள் பயிற்சியாளர் திவ்யா. "முடியலயா, இங்கயே இன்னொரு வாரம். அம்புட்டுத்தான். இது ஒண்ணும் பரீட்சை இல்ல."

"எங்க வீட்டுல பரீட்சைதான் மேடம்," என்றாள் ஹம்சவேணி. "அங்க ஒருத்தர் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

மணி ஒலித்தது. ஏழு பிள்ளைகள், ஏழு பெரியவர்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

மூன்றாவது நிமிடத்தில் சாருலதாவின் அப்பா சாம்பசிவத்தின் தலை தொங்கியது. ஆறாவது நிமிடத்தில் கூடைக்குள் ஹம்சவேணியின் போன் உறுமியது. நிற்கவே இல்லை. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இந்துவும் அசையவில்லை. விரல்கள் மட்டும் மடியில் மெல்லத் தாளம் போட்டன, பிறகு அதுவும் நின்றது.

திவ்யா கடிகாரத்தைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். "கடைசி ஒரு நிமிஷம்."

இந்துப்ரியா கண்ணைத் திறந்துவிட்டாள்.

முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் கேள்வியைத் திவ்யா கேட்டாள். "என்னென்ன கவனிச்சீங்க?"

"மூச்சு மேடம்," என்றாள் சாருலதா.

"ஃபேன் நாலு சுத்துக்கு ஒருக்கா கிறீச்சுங்குது," இந்து மூச்சுவிடாமல் சொன்னாள். "எதுத்த வீட்டுல குக்கர் மூணு விசில். ரெண்டாவது விசிலு பாதிதான் வந்துச்சு. சாரு அப்பா தூங்கிட்டாங்க."

"நான் தூங்கல பாப்பா," என்றார் சாம்பசிவம். "ஆழமா இருந்தேன்."

"கொறட்ட வந்துச்சே அங்கிள்."

சிரிப்பு அடங்கியதும் திவ்யா தாயையும் மகளையும் தனியே கூப்பிட்டாள். "இம்புட்டுக் கவனிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய விஷயமே இல்ல. நான் 'கடைசி ஒரு நிமிஷம்'னு சொல்றதுதான் படபடப்பாக்குது போல. அடுத்த வாரம் சொல்லாம விட்டுப் பாக்கவா?"

"இல்ல மேடம், சொல்லுங்க."

தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். திவ்யா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுக்குப் பழகிட்டா மேடம். திடீர்னு மாத்துனா கொழம்பிருவா," என்றாள் ஹம்சவேணி.

"சரி, சொல்றேன். உங்களச் சொல்லணுங்க. போன் அந்தக் கத்து கத்தியும் சிலை மாதிரி உக்காந்திருந்தீங்க. இவ மேல போயிட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு எனக்கே வருத்தமா இருக்கு."

ஹம்சவேணி சிரித்தாள். கூடையிலிருந்து போனை எடுத்தாள். பதினேழு மிஸ்டு கால். பதினெட்டாவது அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு, தாண்டிட்டாளா?"

"இல்லைங்க. ஒரே ஒரு நிமிஷத்துல போச்சு."

"அந்த ஒரு நிமிஷம் என்னைக்குத்தான் வருமோ. சரி, அந்த நீல மூடி டப்பா..."

"வாரேங்க. வந்து எடுத்துத் தாரேன்."

வாசலில் ஹம்சவேணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்துப்ரியா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். திவ்யா மேடம் பின்னாலேயே நிற்பதைப் பார்த்ததும், தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்துக்கு மாறி, அம்மாவின் காதில் சொன்னாள்.

"அடுத்த வாரம் நீ முழங்கையால என்ன இடிக்க வேணாம்மா, மேடம் பாத்துருவாங்க. ஒரு நிமிஷம்னு சொன்னதும் நானே கண்ணத் தொறந்துர்றேன், நீ பாட்டுக்கு நிம்மதியா மூடிக்கிட்டு இரு."