மட்டை உரசிய சத்தம்

"டிக்" என்று ஒரு சத்தம். பின்னால் நின்ற அம்பயர் பிட்கின் உடனே கையைத் தூக்கிவிட்டார்.

"அவுட்."

"ஐயா, பந்து என் மட்டைய மோந்துகூடப் பாக்கலை!" என்று அலறினான் அடித்தவன்.

அலறி என்ன பயன்? அந்தக் காலத்துப் பேஸ்பாலில், மட்டையில் உரசிய பந்தை, அடிப்பவனுக்குப் பின்னால் நிற்கும் கேச்சர் பிடித்தால் அவுட். உரசிய சத்தத்தை ஊரே கேட்டது. அதுவும் சொன்னவர் பிட்கின். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். சொந்தத் தம்பிக்கே அவுட் கொடுத்து, அந்த வருஷம் குடும்பமே கூடித் தின்னும் நன்றித் திருநாள் வான்கோழியைத் தனியாக உட்கார்ந்து தின்ற மனுஷர்.

தூக்கிய கையின் விரல்கள்தான் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் குதிரை மிதித்துவிட்டதாம்.

கேச்சர் லெம்யூல் வெறுங்கையால் பந்து பிடிப்பவன். கையுறை போட்டால் ஓஹையோ மாநிலம் முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். அடிபட்டுக் கோணிய விரல்களுக்குத் துணிக்கட்டு. கட்டுக்குள் ஒளிந்திருந்தது ஒரு ரப்பர் வளையம். அடிப்பவன் பந்தைத் தவறவிட்டதும் இவன் அதைச் சுண்டுவான். அந்த "டிக்" அதுதான்.

பாவம் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் பிட்கினின் மகள் லவினியாவைப் பெண் கேட்டுப் போனபோது, வாசலிலேயே நிறுத்திவிட்டார் மனுஷர்.

"சனிக்கிழமை தோத்தா கிளப் உன்னைக் கழட்டி விட்டுடும். வேலையில்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது. மைதானத்துல என்கிட்ட சலுகையும் எதிர்பாக்காதே."

இப்போது, அதே சனிக்கிழமை ஆட்டத்தில், ஜெயிக்க இன்னும் ஒரே ஓர் அவுட். ஆடவந்தவன் ஹோபர்ட், மலை மாதிரி ஆள். எதிரணிக்கு இரண்டே ரன் தேவை. அவன் ஓர் அடி அடித்தால் தீர்ந்தது.

"என்ன லெம், விரலெல்லாம் எண்ணிக்கை சரியா இருக்கா?"

"நீ உன் பல்லை எண்ணிக்கோ, போதும்."

ஹோபர்ட் சுழற்றினான். மட்டை காற்றைத்தான் அடித்தது. பந்து லெம்யூலின் கையில் வந்து அறைந்தது. சுண்டப் போனான், விரலில் ரப்பரைக் காணோம். அறுந்து புல்லில் கிடந்தது.

அடுத்த பந்தை ஹோபர்ட் ஆற்றுக்கே அனுப்பிவிடுவான். வேலையும் போச்சு, லவினியாவும் போச்சு.

"டிக்."

சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அவுட்" என்றார் பிட்கின்.

கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தொப்பிகள் பறந்தன. லவினியா பெஞ்சின் மேல் ஏறிக் குடையைச் சுழற்றிக் கூத்தாடினாள். சந்தோஷப்படக்கூடத் தோன்றாமல், திறந்த வாய் மூடாமல் திரும்பிப் பார்த்தான் லெம்யூல்.

பிட்கின் அந்தக் கோணல் விரல்களிலிருந்து எதையோ கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

"ரப்பர் நல்லதாப் பாத்து வாங்கக் கூடாதா, மாப்ளே?"