ஒன்று சேர்த்தவன்

சூலூர் பம்ப்செட் கம்பெனிக்கு மேனேஜராக வந்த அன்றே ஆல்வினிடம் முதலாளி வேலுச்சாமி சொல்லிவிட்டார்.

"மோல்டிங்காரங்களும் லேத்துக்காரங்களும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க தம்பி. அவங்கள எப்படியாவது ஒண்ணு சேர்த்துப்போடுங்க, போதும்."

அவர் சொன்னபடியெல்லாம் ஆல்வின் செய்தான். டீ நேரத்தைக் குறைத்தான். ஓவர்டைமை நிறுத்தினான்.

"உங்க உத்தரவுன்னே சொல்லுங்க. அப்பத்தான் பயமிருக்கும்" என்றார் முதலாளி.

மாசமாயிருந்த மனைவியைப் புது வாடகை வீட்டில் குடிவைத்த வாரமே ஸ்டிரைக் வந்தது.

"ஆல்வினை வேலையை விட்டுத் தூக்கு!" என்று இரண்டு பிரிவும் வாசலில் நின்று கத்தின.

"மன்னிச்சுக்குங்க, என்னால சேர்த்துவைக்க முடியலீங்க" என்றான் ஆல்வின் முதலாளியிடம்.

"அட, ஜன்னல்ல நல்லாப் பாருங்க. லேத்து மாரப்பன் தோள்மேல மோல்டிங் ரங்கன் கை போட்டிருக்கறான். இதுக்குத்தானுங்களே உங்கள எடுத்தேன்!"

ஆல்வின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். முதலாளி வாஞ்சையாக அவன் முதுகைத் தட்டினார்.

"உங்களத் தூக்கிப்போட்டேன்னு இப்பத்தான் அவங்களுக்கு ஆள் உட்டுச் சொல்லியனுப்பியிருக்கறேன். பின்வாசல்ல போயிருங்க கண்ணு. முன்னால எனக்கு மாலை போட வாராங்க."